பொற்றை ரோட்டில் நாயோடு நடப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குலசேகரத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். ஊருக்குப் பின்னால் ஒரு பொற்றை. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: மலை என்று சொன்னால் சிரிப்பார்கள், மேடு என்று சொன்னால் ஏறிப் பார்த்தவன் கோபப்படுவான், அந்த அளவுக்குப் பாறையும் மண்ணுமாக நிற்கும் குன்றுக்குத்தான் குமரி மாவட்டத்தில் பொற்றை என்று பெயர். அடிவாரத்து டீக்கடையில் தொடங்கி உச்சியில் இருக்கும் சாஸ்தா கோவில் வரை ஒன்றேகால் கிலோமீட்டர் வழி. பெரும்பகுதி சிமெண்ட் ரோடு. மேலே போகப்போகக் கொஞ்சம் மண், கடைசியில் பாறையில் வெட்டிய 32 படிகள். இரண்டு பக்கமும் ரப்பர்.

எட்டு வருடமாகக் கைசரோடு இந்த வழியில் நடக்கிறேன். பெயர்தான் ஜெர்மன் சக்கரவர்த்தியுடையது, ஆள் சுத்தமான நாட்டு நாய். நாகர்கோவிலில் இருக்கும் கொழுந்தியாள் முதல் புதிதாக நாய் வாங்கிய பக்கத்துத் தெருப் பையன்கள் வரை எல்லோரும் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான். போனில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. எழுதி வைத்துவிட்டேன்.

ஒன்றேகால் கிலோமீட்டர்தானே, எவ்வளவு நேரம் ஆகும்?

நான் தனியாக ஏறினால் 20 நிமிடம். கைசரோடு ஏறினால் 40. அதற்கு மேலும் ஆகியிருக்கிறது.

முதல் வளைவில் ஒரு கரண்ட் போஸ்ட் நிற்கிறது. அதைக் கண்டுகொள்ளாமல் கைசர் ஒரு நாளும் தாண்டியதில்லை. முதலில் அடிப்பகுதி, பிறகு ஒரு சாண் மேலே, பிறகு பின்பக்கம் போய் மூக்கை ஒட்ட வைத்து அப்படியே நிற்பான். காது மட்டும் லேசாக அசையும். யார் வந்தது, எப்போது வந்தது, ஆணா பெண்ணா என்பதெல்லாம் அவனுக்கு அங்கே தெரிந்துவிடுகிறது. ஆரம்பத்தில் நான் கயிற்றை இழுத்துக்கொண்டே இருப்பேன். மேலே போய்ச் சேர வேண்டும் என்பது என்னுடைய அவசரம். அவனுக்கு உச்சியில் ஒரு வேலையும் கிடையாது. இது புரிய எனக்கு ஒரு வருடம் பிடித்தது. இப்போது போஸ்டுக்கு மூன்று நிமிடம், கல்வெட்டாங்குழி (கல் உடைத்த பள்ளம்) ஓரத்துக்கு இரண்டு நிமிடம் என்று சேர்த்துத்தான் கிளம்புகிறேன். மோப்பம் பிடித்து நடந்த நாளில் வீட்டுக்கு வந்ததும் சுருண்டு படுத்துவிடுவான். நான் இழுத்துக்கொண்டு வேகமாக ஏறி இறங்கிய நாளில் செருப்பைக் கடிப்பான்.

எந்த நேரத்தில் போவது நல்லது?

காலை ஆறிலிருந்து ஏழரைக்குள், அல்லது சாயங்காலம் ஐந்துக்குப் பிறகு. விடியும் முன்னால் போக வேண்டாம். ரப்பர் பால் வெட்டுகிறவர்கள் நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு மரத்துக்கு மரம் போய்க்கொண்டிருப்பார்கள். இருட்டில் ஆள் தெரியாமல் வெளிச்சம் மட்டும் அசைந்து வந்தால் எந்த நாயும் குரைக்கும். கூர்மையான கத்தியைப் பிடித்துக்கொண்டு சரிவில் நிற்பவரைத் திடுக்கிட வைப்பது நல்ல காரியம் இல்லை.

இன்னொன்று பலருக்குத் தோன்றுவதில்லை. ரப்பர் மரம் டிசம்பர், ஜனவரியில் இலை உதிர்க்கும். மற்ற மாதங்களில் கூரை போட்டது போல நிழலாக இருக்கும் ரோடு, அந்தச் சமயத்தில் மொட்டை வெயிலில் கிடக்கும். காற்று குளிர்ந்திருக்கும், ‘தை மாசம்தானே’ என்று பத்து மணிக்கு நாயைக் கூட்டிக்கொண்டு போவோம், கீழே சிமெண்ட் சுட்டுக்கொண்டிருக்கும். நமக்குச் செருப்பு இருக்கிறது. புறங்கையைத் தரையில் வைத்து ஏழு எண்ணுங்கள். அதுவரை வைத்திருக்க முடியவில்லை என்றால் திரும்பிவிடுங்கள்.

ஏறும்போது நாக்கைத் தொங்கவிட்டு இரைக்கிறதே, பயப்பட வேண்டுமா?

இரைப்பது இயல்பு. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, கால் பாதத்தில் மட்டும் கொஞ்சம் வியர்க்கும். சூட்டை வெளியேற்ற அதற்கு இருக்கும் முக்கிய வழி இரைப்புதான். நிழலில் நிறுத்தித் தண்ணீர் கொடுத்தால் சில நிமிடங்களில் தணிய வேண்டும்.

தணியாமல், ஈறு செங்கல் நிறத்துக்குப் போய், எச்சில் கொழகொழவென்று ஒழுகி, நடை தள்ளாடினால் அது வெப்ப அதிர்ச்சி. நாயின் இயல்பான உடல் சூடு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். 105ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. உடனே உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றுங்கள், வயிறும் தொடையிடுக்கும் நன்றாக நனைய வேண்டும், விசிறுங்கள். ஈரத்துணியைப் போர்த்தி மூடி வைத்தால் சூடு உள்ளேயே தங்கிவிடும். தண்ணீரை ஊற்றிக்கொண்டே வண்டிக்கு ஏற்பாடு செய்து கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய்விட வேண்டும். தேறிவிட்டது போலத் தெரிந்தாலும் காட்டிவிடுவது நல்லது, உள்ளுறுப்புகளின் பாதிப்பு பிறகுதான் தெரியும்.

சப்பை மூக்கு நாய்களுக்கு இந்த ஏற்றம் வேண்டாம் என்பது என் கருத்து. கொழுந்தியாளின் பக் நாய் ஒரு தடவை இரண்டாம் வளைவு வரை வந்தது. மீதி வழி, கீழே இறங்குவது உட்பட, என் தோளில்.

கயிறு இல்லாமல் விடலாமா? நம்ம ஊர்தானே?

விடக்கூடாது. எவ்வளவு சொன்னபடி கேட்கும் நாயாக இருந்தாலும் ஒரு மயில் குறுக்கே ஓடினால் கதை முடிந்தது. ரோட்டின் இடப்பக்கம் இரண்டு இடத்தில் பழைய கல்வெட்டாங்குழி, தண்ணீர் நிற்கிறது. அடிவாரத்தில் ரோடு முடியும் இடத்தில் டாரஸ் லாரி வரும். அதன் முன் நாய் என்ன, நாமே ஒன்றுமில்லை.

சட்டமும் இருக்கிறது. வளர்ப்பு விலங்கால் மனிதருக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளத் தவறினால், பாரதிய நியாய சன்ஹிதா 291ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

கழுத்துப் பட்டையை விட உடம்போடு மாட்டும் பாடி பெல்ட் இந்த வழிக்கு நல்லது. ஏற்றத்தில் நாய் முன்னால் இழுக்கும், கழுத்தில் பட்டை இருந்தால் மூச்சுக்குழாயில் அழுத்தும். கயிறு ஆறு அடி போதும். பொத்தானை அமுக்கினால் நீண்டுகொண்டே போகும் கயிறு கடையில் அழகாக இருக்கும். வளைவுக்கு அந்தப் பக்கம் நாயும் இந்தப் பக்கம் நாமுமாக நிற்கும்போதுதான் அதன் லட்சணம் தெரியும். இரும்புச் சங்கிலியும் வேண்டாம், இழுபட்டால் கை கிழியும்.

ஏறுவதுதானே கஷ்டம், இறங்கும்போது ஓட விடலாமா?

இதைத்தான் எல்லோரும் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். ஏற்றத்தில் நாய்க்கு மூச்சுதான் வாங்கும். அடிபடுவது இறக்கத்தில்.

நாய் சும்மா நிற்கும்போதே அதன் எடையில் சுமார் 60 சதவீதம் முன்னங்கால்களில்தான் இருக்கிறது. சரிவில் தலை கீழாகப் போகும்போது இன்னும் அதிகமாக முன்னால் சாயும். அந்த நிலையில் ஓடவிட்டால் ஒவ்வொரு தாவலும் தோளிலும் மணிக்கட்டிலும் போய் இடிக்கும். கைசருக்கு நாலு வயது இருக்கும்போது, நானும் அவனும் போட்டி போட்டுக்கொண்டு இறங்குவோம். நான் தோற்பேன், எனக்கு அது பெருமை. ஒரு நாள் கடைசி வளைவில் திரும்பும்போது ‘வீல்’ என்று ஒரு சத்தம். வலது முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நின்றான். எலும்பு முறியவில்லை, சவ்வுதான் பிசகியிருந்தது. மூன்று வாரம் கட்டிப் போட வேண்டியதாகிவிட்டது. அந்த மூன்று வாரமும் காலை ஆறு மணிக்குச் சரியாக கேட்டைப் பார்த்து உட்கார்ந்திருப்பான், என்னைப் பார்க்க மாட்டான்.

அன்றிலிருந்து இறக்கத்தில் ரோட்டை நேராக வெட்டிப் போவதில்லை. இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு, அங்கிருந்து இந்த ஓரத்துக்கு என்று சாய்வாக இறங்குகிறோம். சரிவின் கடுமை பாதியாகக் குறையும். எதிரே வருபவர்கள் ‘காலையிலேயேவா?’ என்பது போலப் பார்ப்பார்கள். பரவாயில்லை.

கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு இறங்காதீர்கள். நாய் சட்டென்று பாய்ந்தால் நாமும் சேர்ந்து போவோம். வளையத்தைக் கையில் மாட்டி, கயிற்றின் நடுவில் மற்றக் கையால் பிடித்தால் போதும்.

மழைக்காலத்தில் ரோடு எப்படி இருக்கும்?

வழுக்கும். குமரிக்கு ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, அக்டோபருக்குப் பிறகு வடகிழக்கும் உண்டு. அதனால் மரநிழலில் கிடக்கும் சிமெண்ட் ரோட்டில் பாசி காய்வதற்கு நேரமே கிடைப்பதில்லை. கறுப்பாகத் தெரியும் பாசியை விட, லேசாகப் பச்சை பூத்து ஈரம் பட்டிருக்கும் இடம்தான் ஆளை விழத்தட்டும். நாய்க்கு நகம் இருப்பதால் அது சமாளித்துவிடும், கயிற்றின் மறுமுனையில் இருப்பவர்தான் விழுவார். ஓரத்தில் மண் இருக்கும் பக்கமாகக் காலை வையுங்கள். ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டு வராதீர்கள்.

பங்குனி உத்திரத்துக்கு முன்னால் கோவில்காரர்கள் பிளீச்சிங் பவுடர் போட்டு ரோட்டைத் தேய்ப்பார்கள். அந்த வாரம் வீட்டுக்கு வந்ததும் நாயின் பாதத்தை நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள். நக்கினால் வாய் புண்ணாகும்.

ரப்பர் தோட்டத்துக்குள் நாய் நுழைந்தால் என்ன? மரம்தானே?

மரம் ஒன்றும் செய்யாது. மற்ற சமாச்சாரங்கள் இருக்கின்றன.

முதலாவது ஒட்டுப்பால். வெட்டுப்பட்ட பட்டையிலும், பால் வடியும் சிரட்டையிலும் (கொட்டாங்குச்சி) காய்ந்து ஒட்டிக்கிடக்கும் ரப்பர். நாள் ஆக ஆக அழுகின நாற்றம் வரும். நாம் மூக்கைப் பொத்துவோம், நாய்க்கு அது கருவாடு மாதிரி. கடித்து மென்று விழுங்கிவிட்டால் குடலில் போய் அடைத்துக்கொள்ளலாம். விழுங்கின நாய் சாப்பிடாமல் வாந்தி எடுத்துக்கொண்டே இருந்தால், ‘நாளைக்குச் சரியாகிவிடும்’ என்று காத்திருக்க வேண்டாம்.

இரண்டாவது ஆசிட். பால் உறைந்து ஷீட் ஆவதற்காக ஃபார்மிக் ஆசிட் ஊற்றுவார்கள். ஷீட் அடிக்கும் மிஷின் இருக்கும் சாய்ப்புக் கொட்டகைப் பக்கம் வாளி, கேன், டிஷ் எல்லாம் கிடக்கும், தரையில் தண்ணீர் தேங்கியிருக்கும். எங்கள் வழியில் இரண்டாம் வளைவுக்கு மேலே அப்படி ஒரு சாய்ப்பு உண்டு. தாகத்தில் இருக்கும் நாய் எந்தத் தண்ணீரிலும் வாய் வைக்கும். அந்த இடம் வருவதற்கு முன்பே ஒரு தடவை தண்ணீர் கொடுத்துவிடுவது என் வழக்கம்.

மூன்றாவது தேன்பெட்டி. மார்த்தாண்டம் தேன் புவிசார் குறியீடு பெற்ற தேன். அதில் பெரும்பகுதி இந்த ரப்பர் தோட்டங்களில்தான் கிடைக்கிறது. உதிர்ந்த மரம் துளிர்க்கும்போது பூவில் அல்ல, இளம் இலைக்காம்பில் தேன் சுரக்கும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை தோட்டத்துக்குத் தோட்டம் கால் நட்டு அதன் மேல் பெட்டி வைத்திருப்பார்கள். கயிறு அந்தக் காலில் ஒரு சுற்றுச் சுற்றி நாய் இழுத்தால் பெட்டி கீழே. அப்புறம் ஓடுவதைத் தவிர வேறு வழி கிடையாது. கயிற்றை விட்டுவிடுங்கள், நாய் உங்களை விட வேகமாக ஓடும். கொட்டு வாங்கிய நாய்க்கு முகம் வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ மருத்துவரிடம் போக வேண்டும்.

நான்காவது மரியாதை சம்பந்தப்பட்டது. அது இன்னொருவர் வயிற்றுப்பாடு. கைசர் ஒரு தடவை வால் ஆட்டி இரண்டு சிரட்டைப் பாலைக் கவிழ்த்தான். வெட்டுகிற பாட்டா ஒன்றும் சொல்லவில்லை. சிரட்டையை எடுத்துக் கம்பியில் திரும்ப வைத்துவிட்டு, “பையக் கூட்டிட்டுப் போ மக்களே” என்றார். திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கைசரின் வாலில் ஒட்டின பால் காய்ந்து, முடியைக் கத்தரிக்க வேண்டியதாகிவிட்டது.

பாம்பு உண்டா?

உண்டு. பார்த்தது அதிகம் சாரைதான். கண்ணாடி விரியனையும் இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். இரண்டும் சருகு மூடிக்கிடக்கும் மாதங்களில், சாயங்காலம், ரோட்டோரத்தில். விரியன் சருகுக்குள் கிடந்தால் மனிதக் கண்ணுக்குத் தெரியாது. நாய் மூக்கை நீட்டிக்கொண்டே போகும், அதனால் முகத்திலோ முன்னங்காலிலோதான் கடி விழும். அந்த மாதங்களில் ரோட்டின் நடுவில் நடக்க வையுங்கள்.

கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது, பச்சிலை வைப்பது எதுவும் வேண்டாம். நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு போங்கள். கிளம்பும் முன் போன் செய்து விஷமுறிவு மருந்து இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போவது முக்கியம், எல்லா இடத்திலும் இருக்காது. கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962. வர நேரமாகும் என்று தெரிந்தால் ஆட்டோவைப் பிடியுங்கள்.

தேரையைக் கவ்வி வாயில் நுரை தள்ளினால் அது வேறு விஷயம். தலையைக் கீழே சாய்த்து வாயைத் தண்ணீரால் நன்றாக அலசினால் பெரும்பாலும் சரியாகும்.

உண்ணி, அட்டை?

அட்டை மழைக்காலத்தில் மண் ரோட்டுப் பகுதியில் மட்டும். உப்பைத் தொட்டு வைத்தால் விழுந்துவிடும். உண்ணிதான் பெரிய தொல்லை, அது காய்ச்சலைக் கொண்டுவரும். ஈறு வெளுத்து, சாப்பாட்டில் நாட்டம் குறைந்தால் ரத்தப் பரிசோதனை செய்து பார்த்துவிடுங்கள். வீடு வந்ததும் காதுமடல், கழுத்துப் பட்டைக்கு அடியில், கால்விரல் இடுக்கு மூன்றையும் தடவிப் பார்ப்பதற்கு இரண்டு நிமிடம்தான்.

டீக்கடை முன்னால் படுத்திருக்கும் நாய்கள் துரத்துகின்றனவே?

மூன்று பேர். அது அவர்கள் இடம், நாம்தான் தினமும் அத்துமீறுகிறோம். நேராக அவர்களைப் பார்த்துக்கொண்டு போகாமல், ரோட்டின் மறுபக்கமாகக் கொஞ்சம் வளைந்து, வேகம் மாறாமல் நடந்துவிட வேண்டும். பயத்தில் கயிற்றை இறுக்கினால் நம் நாய்க்குச் சண்டை வரப்போகிறது என்று செய்தி போய்விடும். ஓடவே கூடாது. ரொம்ப நெருங்கினால் குனிந்து கல் எடுப்பது போலப் பாவனை செய்தாலே போதும், தமிழ்நாட்டில் எந்தத் தெருநாய்க்கும் அந்தப் பாஷை தெரியும். எறிய வேண்டாம். எட்டு வருடத்தில் நானும் ஒருநாளும் எறிந்ததில்லை. ஒரு மாதம் தொடர்ந்து ஒரே நேரத்துக்குப் போனால் அவர்களே தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பப் படுத்துவிடுவார்கள்.

நாய் கடித்துவிட்டால்?

நம் நாயோ தெருநாயோ, மனிதரைக் கடித்தால் முதலில் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதையும் அப்பக்கூடாது. அன்றைக்கே ஊசி. அரசு மருத்துவமனையில் பணம் கிடையாது. தோலுக்குள் போடும் முறையில் முதல் நாள், அதிலிருந்து 3, 7, 28ஆம் நாள் என்று நான்கு முறை போக வேண்டும். மூன்றாவது ஊசிக்கு மேல் ‘அதுதான் ஒன்றும் ஆகவில்லையே’ என்று விட்டுவிடுபவர்கள் எங்கள் ஊரிலும் உண்டு. ரேபிஸ் அறிகுறி தெரிய ஆரம்பித்துவிட்டால் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம். ஆழமான கடியாக இருந்தால் காயத்தைச் சுற்றிப் போடும் இன்னொரு மருந்தும் தேவைப்படும், மருத்துவர் சொல்வார்.

நாய்க்கு மூன்று மாதத்தில் முதல் ரேபிஸ் ஊசி, பிறகு வருடா வருடம். செப்டம்பர் 28, ரேபிஸ் தினம், பல அரசு கால்நடை மருத்துவமனைகளில் இலவசமாகப் போடுவார்கள். போட்ட சீட்டைப் போட்டோ எடுத்துப் போனில் வைத்திருங்கள். உங்கள் நாயைத் தெருநாய் கடித்தாலும் சும்மா இருக்கக்கூடாது, முன்பே ஊசி போட்டிருந்தாலும் திரும்பப் போட வேண்டும்.

எதிரே வருபவர்கள் நாயைக் கண்டு பயந்தால் என்ன செய்வது?

“ஒண்ணும் செய்யாது” என்று மட்டும் சொல்லாதீர்கள். கடித்த எல்லா நாய்களின் சொந்தக்காரர்களும் அதற்கு ஒரு நிமிடம் முன்பு அதைத்தான் சொன்னார்கள். எங்கள் பக்கம் வயசாளிகள் தூரத்திலேயே நின்று, “பட்டி கடிக்குமா மக்களே?” என்று கேட்பார்கள் (பட்டி என்றால் இங்கே நாய்தான்). “நான் பிடிச்சிருக்கேன் பாட்டி, நீங்க போங்க” என்று சொல்லி, ஓரமாக ஒதுங்கி, நாய்க்கும் அவர்களுக்கும் நடுவில் நான் நின்றுகொள்வேன். அவர்கள் தாண்டிப் போய் நாலு எட்டு வைக்கும்வரை நகர மாட்டேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் தொட வந்தால், கையை நீட்டாமல் முதலில் நாய் முகர்ந்து பார்க்க விடச் சொல்லுங்கள்.

கழிவை அள்ளத்தான் வேண்டுமா? காடுதானே?

அள்ளத்தான் வேண்டும். காடு இல்லை, தோட்டம். நாய்க் கழிவில் இருக்கும் கொக்கிப்புழு ஈர மண்ணில் குஞ்சு பொரித்து, வெறும் காலில் தோல் வழியாக ஏறும். பால் வெட்டுகிறவர்களில் பாதிப்பேர் செருப்பில்லாமல்தான் நடக்கிறார்கள். பழைய பேப்பரில் எடுத்து, கீழே கொண்டுவந்து போடுங்கள். மாதக்கணக்கைப் பார்த்து நாய்க்குக் குடற்புழு மருந்தும் கொடுங்கள்.

கோவிலுக்குள் கூட்டிப் போகலாமா?

இல்லை. 32 படிகளுக்குக் கீழே ஒரு பலா மரம் நிற்கிறது. நான் கைசரை அதில் கட்டிவிட்டு ஏறிக் கும்பிட்டுவிட்டு வருவேன். இரண்டு பேர் போனால் ஒருவர் நாயோடு நிற்கலாம். அந்தப் பலாவில் பழம் விழும் காலத்தில் மட்டும் கட்ட வேண்டாம், பழத்துக்கு ஈ, ஈக்குப் பின்னால் கடந்தல் (குளவி).

சிதறால், மருந்துவாழ் மலை, மாத்தூர் இங்கெல்லாம் போகலாமா?

சிதறால் மலைக்கோவில் பாதை நாய் நடக்க வெகு அழகான பாதை. கல் பாவிய ஏற்றம், இரண்டு பக்கமும் மரம். ஆனால் மேலே இருப்பது ஒன்பதாம் நூற்றாண்டுச் சமணக் குடைவரையும் தீர்த்தங்கரர் சிற்பங்களும். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் சின்னம். பாதுகாக்கப்பட்ட சின்னங்களுக்குள் விலங்குகளைக் கொண்டுவரக்கூடாது என்று 1959ஆம் வருட விதிகளிலேயே இருக்கிறது. எனவே நாயை வீட்டில் விட்டுவிட்டுப் போய்ப் பாருங்கள்.

மருந்துவாழ் மலையில் படியும் அதிகம், குரங்கும் அதிகம். குரங்கும் நாயும் சந்தித்தால் நடுவில் நிற்பது நீங்கள். மாத்தூர் தொட்டிப்பாலம் 115 அடி உயரம், நடைபாதை ஒடுக்கம், காற்று, விடுமுறை நாளில் கூட்டம். கைசரை ஒரு தடவை கூட்டிப்போனேன், பத்தடியில் வயிற்றைத் தரையோடு ஒட்டிப் படுத்துவிட்டான். தூக்கிக்கொண்டு திரும்பினோம். கீரிப்பாறை, காளிகேசம் பக்கம் வனத்துறைக் காடு, வன உயிரினச் சரணாலயப் பகுதி. அங்கே நாயைக் கொண்டுபோவதை மறந்துவிடுங்கள். நாயின் நோய் காட்டு மிருகத்துக்குப் போகும், காட்டு மிருகம் நாயைக் கொண்டுபோகும்.

குட்டிக்கும் வயதான நாய்க்கும் இந்த வழி சரிப்படுமா?

குட்டிக்கு முதல் வளைவு போதும். எலும்பின் வளர்ச்சி முடிய ஒரு வருடம் ஆகும், பெரிய இனங்களுக்கு ஒன்றரை வருடம். அதுவரை படியும் செங்குத்து இறக்கமும் வேண்டாம்.

வயதான நாய் தானே சொல்லிவிடும், நாம் கவனிக்க வேண்டும். கைசருக்கு இப்போது ஒன்பது வயது. இரண்டாம் வளைவில் ரோட்டைப் பார்த்தால் வரிசையாக ஐந்து பாதத் தடம் பதிந்திருக்கும். ஆறு வருடத்துக்கு முன் புதிதாக சிமெண்ட் போட்ட அன்று, சாக்கு விரித்திருந்த இடத்தை விட்டு இறங்கி அவன் நடந்தது. மேஸ்திரி அண்ணாச்சி கரண்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார், பிறகு சிரித்துவிட்டு அப்படியே விட்டுவிட்டார். போன மழைக்காலத்திலிருந்து அந்தத் தடம் வந்ததும் கைசர் உட்கார்ந்துகொள்கிறான். முதலில் ஏதோ முகர்கிறான் என்று நினைத்தேன். நாலைந்து நாள் ஆன பிறகுதான் எழும்பும்போது பின்னங்கால் தடுமாறுவதைப் பார்த்தேன். மூட்டுத் தேய்மானம் என்றார் மருத்துவர். இப்போது எங்கள் நடை அங்கேயே முடிகிறது. பத்து நிமிடம் உட்கார்ந்திருப்போம், அப்புறம் சாய்வாக நடந்து இறங்குவோம். வாரத்துக்கு ஒருநாள் நான் மட்டும் தனியாக உச்சிக்குப் போய் வருகிறேன்.

என்னவெல்லாம் கொண்டுபோக வேண்டும்?

ஒரு பாட்டில் தண்ணீர், அதை ஊற்றிக் கொடுக்க வீட்டிலிருந்து ஒரு சிரட்டை, பழைய பேப்பர், போன். சிரட்டையை மரத்திலிருந்து எடுக்காதீர்கள். சாயங்காலம் என்றால் டார்ச். நாய்க்கு பிஸ்கட் வேண்டாம், ஏறும் முன்னால் சாப்பாடும் வேண்டாம், வந்து அரை மணி நேரம் கழித்து வைக்கலாம்.

வண்டியை எங்கே நிறுத்துவது? கேட் பூட்டியிருந்தால்?

டீக்கடைக்குப் பக்கத்து விளையில் (தோட்டத்தில்) நிறுத்தலாம், கேட்டுவிட்டு நிறுத்துங்கள். சங்கிலி போட்டிருப்பது டாரஸ் ஏறாமல் இருக்க, நடப்பவர்கள் ஓரமாக நுழைந்து போகலாம். செவ்வாய்க்கிழமை டீக்கடை கிடையாது.